காசநோய்க்கு ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசநோய் இருக்குமோ என்ற அச்சத்துடன் பேச வருகிறவர்களில் பலர், ரத்தப் பரிசோதனை முடிவு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அந்தத் தாளில் உள்ள ‘பாசிட்டிவ்’ அல்லது ‘நெகட்டிவ்’ என்ற ஒரே சொல்லை நம்பி, சிலர் தேவையில்லாத மருந்தை மாதக்கணக்கில் உட்கொள்கிறார்கள். வேறு சிலர் தேவையான மருந்தைத் தள்ளிப்போடுகிறார்கள். இவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வந்த ஐயங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். இது மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்றாகாது. மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள உதவும்.

டிபி ஆன்டிபாடி டெஸ்ட் என்றால் என்ன? அதில் எதைத்தான் பார்க்கிறார்கள்?

நம் உடலுக்குள் ஒரு கிருமி நுழையும்போது, அதன் புரதங்களையும் கொழுப்புப் பொருள்களையும் அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள்களை உடல் உருவாக்குகிறது. இவையே ஆன்டிபாடிகள். காசநோய்க் கிருமிக்கு எதிரான ஐஜிஜி, ஐஜிஎம், ஐஜிஏ ஆகிய வகைகளில் ஒன்றோ பலவோ ரத்தத்தில் இருக்கின்றனவா என்று எலிசா என்ற ஆய்வக முறையிலோ சில நிமிடங்களில் கோடு காட்டும் அட்டை முறையிலோ பார்ப்பதுதான் இந்தப் பரிசோதனை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு உடல் காட்டிய எதிர்வினையை மட்டுமே தேடுகிறது. கீழே வரும் பெரும்பாலான விடைகள் இந்த வேறுபாட்டிலிருந்து பிறப்பவையே.

டிபி ஐஜிஜி பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. அப்படியென்றால் எனக்கு டிபி இருக்கிறதுதானே?

இந்த முடிவை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. உலக மக்கள்தொகையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் காசநோய்க் கிருமியின் தொற்றுக்கு எப்போதோ ஆளானவர்கள் என்று மதிப்பிடப்படுகிறது. அவர்களில் வாழ்நாளில் நோயாளிகளாக மாறுபவர்கள் 5 முதல் 10 சதவீதம் வரைதான். மற்றவர்களின் உடலில் கிருமி அடங்கிக் கிடக்கிறது அல்லது அழிந்துவிடுகிறது. ஆனாலும் அவர்கள் ரத்தத்திலும் எதிர்ப்பொருள் இருக்கக்கூடும்.

முன்பு காசநோய் வந்து குணமானவர்களுக்கும் பாசிட்டிவ் வரலாம். மண்ணிலும் நீரிலும் வாழும், காசநோயை உண்டாக்காத வேறு மைக்கோபாக்டீரியாக்களுக்கும் காசநோய்க் கிருமிக்கும் பொதுவான பொருள்கள் பல இருப்பதால், அவற்றோடு ஏற்பட்ட பழக்கத்தாலும் பாசிட்டிவ் வரலாம். பிசிஜி தடுப்பூசியில் இருப்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த, வீரியம் குறைக்கப்பட்ட கிருமிதான்.

ஐஜிஎம் பாசிட்டிவ் என்றால் புதிதாக வந்த தொற்று, ஐஜிஜி என்றால் பழையது என்று சொல்கிறார்களே?

சில வைரஸ் காய்ச்சல்களில் அந்த வரிசை ஓரளவு பொருந்தும். முதலில் ஐஜிஎம் தோன்றி மறையும், பின்னர் ஐஜிஜி நிலைத்து நிற்கும். காசநோய் மெதுவாக வளரும் நோய். தொற்று ஏற்பட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் அது தலைதூக்கலாம். ஆகவே அந்தக் கணக்கை இங்கே பொருத்திப் பார்க்க இயலாது. ஐஜிஎம் பாசிட்டிவ் என்பதை ‘இப்போது நோய் இருக்கிறது’ என்று எடுத்துக்கொள்வது தவறான முடிவுக்குத்தான் இட்டுச்செல்லும்.

நெகட்டிவ் வந்துவிட்டது. இனி நிம்மதியாக இருக்கலாமா?

இருமல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, காரணமின்றி எடை குறைதல், சளியில் ரத்தம் ஆகியவற்றில் எதுவும் இருந்தாலோ, இந்த நெகட்டிவ் முடிவை ஒதுக்கி வைத்துவிட்டு முறையான பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். நோய் உறுதியானவர்களில் கணிசமானோருக்கு இந்தப் பரிசோதனை நெகட்டிவ் காட்டியிருக்கிறது. எச்ஐவி தொற்றுள்ளவர்கள், சிறு குழந்தைகள் போன்றவர்களிடம் எதிர்ப்பொருள் குறைவாக உருவாகலாம். காசநோயைத் தவறவிட்டால் மிகுந்த ஆபத்துக்கு உள்ளாகிறவர்களும் அவர்களே. என் பார்வையில், பொய்யான பாசிட்டிவைக் காட்டிலும் பொய்யான நெகட்டிவ்தான் அதிகக் கேடு செய்கிறது. ஏனெனில் அந்த மனிதர் இருமிக்கொண்டே வீடு திரும்பிவிடுகிறார்.

எச்ஐவிக்கும் மஞ்சள் காமாலைக்கும் ரத்தத்தில் பார்த்துத்தானே சொல்கிறார்கள்? டிபிக்கு மட்டும் ஏன் முடியவில்லை?

இது நியாயமான கேள்வி. எச்ஐவி ஒருமுறை உடலில் புகுந்துவிட்டால் தானாக வெளியேறுவதில்லை. ஆகவே எச்ஐவிக்கு எதிரான எதிர்ப்பொருள் உறுதியாகக் கண்டறியப்பட்டால், வைரஸும் உடலில் இருக்கிறது என்றே பொருள். கல்லீரலைத் தாக்கி மஞ்சள் காமாலையை உண்டாக்கக்கூடிய ஹெபடைட்டிஸ் பி வைரஸுக்கு வழக்கமாக முதலில் பார்ப்பது எதிர்ப்பொருளையே அல்ல. வைரஸின் மேற்பரப்புப் புரதத்தை, அதாவது கிருமியின் ஒரு பகுதியையே பார்க்கிறார்கள். ‘ரத்தப் பரிசோதனை’ என்ற பொதுப்பெயர் ஒன்றாக இருந்தாலும், உள்ளே தேடப்படுவது வெவ்வேறு.

காசநோய்க் கிருமி பெரும்பாலும் ரத்தத்தில் மிதந்து திரிவதில்லை. அது நுரையீரலில் உள்ள விழுங்கணுக்களுக்குள்ளேயே புகுந்து வாழ்கிறது. செல்லுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியை எதிர்ப்பொருளால் எளிதில் அணுக முடியாது என்பதால், அதை அடக்கும் பொறுப்பைப் பெருமளவு டி செல்கள் எனப்படும் வெள்ளையணுக்களே ஏற்கின்றன. எதிர்ப்பொருள் உருவாகிறது என்பது உண்மைதான். ஆனால் கிருமியின் எந்தப் புரதத்துக்கு எதிராக, எவ்வளவு உருவாகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒருவரிடம் மிகுதியாகக் காணப்படும் எதிர்ப்பொருள், அதே அளவு நோயுள்ள இன்னொருவரிடம் காணப்படாமலே போகலாம். அதனால்தான் ஒன்றிரண்டு புரதங்களை மட்டும் வைத்துச் செய்யப்படும் கருவிகள் சிலருக்குப் பொருந்துகின்றன, பலருக்குப் பொய்க்கின்றன.

இன்னொரு சிக்கலும் உண்டு. உடலில் கிருமி மிகுதியாக இருக்கும்போதுதான் எதிர்ப்பொருளும் பொதுவாக மிகுதியாகிறது. அப்படிப்பட்டவருக்குச் சளியை நுண்ணோக்கியில் பார்த்தாலே கிருமி தெரிந்துவிடும். சளியில் தெரியாதவரிடம்தான் வேறு பரிசோதனை தேவைப்படுகிறது. அவரிடம்தான் இந்த ரத்தப் பரிசோதனையும் தடுமாறுகிறது. பெரிதும் ஆராயப்பட்ட ஒரு வணிகக் கருவியின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சளியில் கிருமி தெரிந்தவர்களில் 76 சதவீதத்தினரை அது கண்டுபிடித்தது; சளியில் தெரியாதவர்களில் அது 59 சதவீதமாகக் குறைந்தது.

கருவியின் பெட்டியில் 90 சதவீதத்துக்கு மேல் துல்லியம் என்று போட்டிருக்கிறதே, அது பொய்யா?

பொய்யாக இல்லாமலும் அந்த எண் தவறான நம்பிக்கையைத் தரலாம். ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இருமலுடன் வந்த 1000 பேரில் உண்மையில் 100 பேருக்குக் காசநோய் இருப்பதாகக் கொள்வோம். ஒரு பரிசோதனை நோயுள்ளவர்களில் 60 சதவீதத்தினரைக் கண்டுபிடிக்கிறது, நோயில்லாதவர்களில் 90 சதவீதத்தினரைச் சரியாக விடுவிக்கிறது என்றும் கொள்வோம். நோயுள்ள 100 பேரில் 60 பேருக்குப் பாசிட்டிவ் வரும். நோயில்லாத 900 பேரில் 10 சதவீதம், அதாவது 90 பேருக்கும் பாசிட்டிவ் வரும். ஆக, பாசிட்டிவ் தாள் வாங்கிய 150 பேரில் 60 பேருக்கு மட்டுமே நோய் இருக்கிறது. மீதி 90 பேர் நோயே இல்லாமல் அஞ்சுகிறார்கள். நோயுள்ள 40 பேர் கவலை இல்லாமல் வீட்டுக்குப் போகிறார்கள்.

அந்த 1000 பேரில் நோயுள்ளவர்கள் 50 பேர்தான் என்றால் நிலைமை இன்னும் மோசமாகிறது. சரியான பாசிட்டிவ் 30, தவறான பாசிட்டிவ் 95. ‘90 சதவீதம்’ என்ற எண் மாறவே இல்லை. ஆனால் உங்கள் கையில் உள்ள பாசிட்டிவ் சரியாக இருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது.

மேலும், பெட்டியில் அச்சிடப்படும் எண்கள் எந்த ஆய்விலிருந்து வந்தவை என்றும் கேட்க வேண்டும். உறுதியான நோயாளிகளையும் முழு ஆரோக்கியமானவர்களையும் மட்டும் ஒப்பிட்டால் எந்தப் பரிசோதனையும் சிறப்பாகத்தான் தோன்றும். இருமலும் காய்ச்சலும் உள்ள, ஆனால் காரணம் தெரியாத மனிதரிடம்தான் அதன் உண்மைத் திறமை வெளிப்படும்.

உலக சுகாதார நிறுவனமே இதை வேண்டாம் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. 2011 ஜூலையில், காசநோயைக் கண்டறிய வணிக ரீதியான ஆன்டிபாடி பரிசோதனைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாக அறிவித்தது. காசநோய் தொடர்பாக ‘இதைச் செய்யாதீர்கள்’ என்று அது வெளியிட்ட முதல் வெளிப்படையான எதிர்மறைப் பரிந்துரை அதுவே. நுரையீரல் காசநோய் பற்றி 67, பிற உறுப்புகளின் காசநோய் பற்றி 27 என மொத்தம் 94 ஆய்வுகள் அதற்காகப் பரிசீலிக்கப்பட்டன. நுரையீரல் காசநோய் ஆய்வுகளில், நோயுள்ளவரைக் கண்டுபிடிக்கும் திறன் 0 முதல் 100 சதவீதம் வரையிலும், நோயில்லாதவரைச் சரியாக விடுவிக்கும் திறன் 31 முதல் 100 சதவீதம் வரையிலும் ஆய்வுக்கு ஆய்வு மாறியது. இவ்வளவு அலைபாயும் ஒன்றை நம்பி ஒருவரின் சிகிச்சையை முடிவுசெய்ய முடியாது.

இந்தப் பரிசோதனை தனியார் துறையில் மிகப் பரவலாக இருந்த நாடுகளில் ஒன்றான இந்தியா, 2012 ஜூனில் இந்தக் கருவிகளின் இறக்குமதி, உற்பத்தி, விற்பனை ஆகியவற்றைத் தடை செய்தது. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான ஒரு கணிப்பு எனக்கு மறக்க முடியாதது. இந்தியாவில் காசநோய் சந்தேகத்துக்குரிய 15 லட்சம் பேருக்குச் சளி நுண்ணோக்கிச் சோதனைக்குப் பதிலாக ஆன்டிபாடி சோதனை செய்தால், கூடுதலாக ஏறத்தாழ 14,000 நோயாளிகள் கண்டறியப்படுவார்கள். ஆனால் கூடுதலாக ஏறத்தாழ 1,21,000 பேருக்கு இல்லாத நோய் இருப்பதாகச் சொல்லப்படும் என்றது அது.

தடை செய்துவிட்டார்கள் என்றால், டாக்டர் எழுதிக்கொடுத்த ‘டிபி கோல்ட்’ ரத்தப் பரிசோதனை எப்படி இன்னும் நடக்கிறது?

அது வேறு பரிசோதனை. பேச்சுவழக்கில் ‘டிபி கோல்ட்’ என்று சொல்லப்படும் குவான்டிஃபெரான், இக்ரா என்னும் வகையைச் சேர்ந்தது. அது எதிர்ப்பொருளைப் பார்ப்பதில்லை. உங்கள் ரத்தத்தில் உள்ள டி செல்களைக் காசநோய்க் கிருமிக்கே பெரிதும் உரிய இரண்டு புரதங்களுடன் ஏறக்குறைய ஒரு நாள் வைத்திருந்து, அவை இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளைச் சுரக்கின்றனவா என்று அளக்கிறார்கள். அந்தப் புரதங்கள் பிசிஜி தடுப்பூசிக் கிருமியில் இல்லாததால், தடுப்பூசி போட்டதனால் பொய்யான பாசிட்டிவ் வருவதில்லை. இது முறையான, பயனுள்ள பரிசோதனைதான். எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் குழப்பம் வருகிறது.

அப்படியானால் இக்ரா பாசிட்டிவ் வந்தால் டிபி மருந்தைத் தொடங்கிவிடலாமா?

இக்ரா சொல்வது ‘கிருமி எப்போதோ உடலில் புகுந்திருக்கிறது’ என்பதை மட்டுமே. அடங்கிக் கிடக்கும் தொற்றையும் இப்போது உடலைத் தாக்கும் நோயையும் அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் வருவாய் குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் நோயைக் கண்டறிய இக்ராவையும் பயன்படுத்தக் கூடாது என்று அதே 2011ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் கூறியது. அடங்கிய தொற்றுக்கான தடுப்பு மருந்து யாருக்குத் தேவை என்று முடிவுசெய்வதில்தான் அதன் உண்மையான பயன் இருக்கிறது. அந்தத் தடுப்பு மருந்தைத் தொடங்குவதற்கு முன்பும், நோய் இல்லை என்பதை வேறு வழிகளில் உறுதிசெய்தாக வேண்டும்.

கையில் ஊசி போட்டு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தடிப்பை அளக்கும் மான்டூ பரிசோதனைக்கும் இதே விடைதான். அதில் கூடுதலாகப் பிசிஜி ஊசியின் தாக்கமும் சேர்ந்துகொள்ளும்.

பிறகு எந்தப் பரிசோதனையைத்தான் நம்புவது?

கிருமியையே தேடும் பரிசோதனையை நம்பலாம். நுரையீரல் காசநோய் என்றால் சளியைக் கொடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பெர்ட் அல்லது ட்ரூநாட் பரிசோதனையைக் கேளுங்கள். ஜீன் எக்ஸ்பெர்ட்டை 2010 டிசம்பரிலும் ட்ரூநாட்டை 2020இலும் உலக சுகாதார நிறுவனம் ஏற்றது. ஜீன் எக்ஸ்பெர்ட் கருவி இரண்டு மணி நேரத்துக்குள் முடிவு சொல்வதோடு, ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்றும் காட்டிவிடும். எந்த எதிர்ப்பொருள் பரிசோதனையாலும் இதைச் சொல்ல இயலாது.

நுண்ணோக்கியில் கிருமி தெரிய வேண்டுமானால், ஒரு மில்லி லிட்டர் சளியில் ஏறக்குறைய 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும். சளியை ஊடகத்தில் வைத்துக் கிருமியை வளர்க்கும் கல்ச்சர் முறை மிகக் குறைந்த எண்ணிக்கையையும் கண்டுபிடிக்கும். ஆனால் முடிவு வரப் பல வாரங்கள் ஆகலாம்.

என் மகளுக்கு ஐந்து வயது. சளியே துப்பத் தெரியாது. ரத்தம் எடுப்பது ஒன்றுதானே வழி?

இல்லை. குழந்தைகள் சளியை விழுங்கிவிடுவதால், அதிகாலையில் வெறும் வயிற்றில் மூக்கு வழியாகச் செலுத்தும் மெல்லிய குழாயால் இரைப்பை நீரை எடுத்துப் பரிசோதிக்கலாம். மலத்திலும் ஜீன் எக்ஸ்பெர்ட் பரிசோதனை செய்யலாம். குழந்தைக்கு வலியே இல்லாத வழி அது. எக்ஸ்ரே, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்ற விவரம், எடை ஏறாமை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து மருத்துவர் முடிவெடுப்பார்.

சளி வராத பெரியவர்களுக்கு, அடர்ந்த உப்பு நீராவியை உள்ளிழுக்கச் செய்து சளியை வரவழைக்கும் முறையும், மூச்சுக்குழாய்க்குள் கருவி செலுத்தி நீர் எடுக்கும் முறையும் உள்ளன. எச்ஐவி தொற்றுள்ளவர்களுக்குச் சிறுநீரில் லாம் என்ற பொருளைத் தேடும் பரிசோதனை உண்டு. லாம் கிருமியின் சுவரிலிருந்தே வருவதால், அதுவும் கிருமியைத் தேடும் பரிசோதனைதான்.

கழுத்தில் நெறிகட்டியிருக்கிறது, சளியில் எதுவும் தெரியாது. இதற்காவது ஆன்டிபாடி டெஸ்ட் உதவுமா?

உதவாது. மேலே சொன்ன 27 ஆய்வுகளும் இத்தகைய நோயாளிகளைப் பற்றியவைதான்; அவற்றின் முடிவுகளும் அதே போலத்தான் அலைபாய்ந்தன. நோய் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து மாதிரி எடுக்க வேண்டும். நெறிகட்டியிலிருந்து ஊசி மூலம் எடுத்த திசு, நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீர், மூளைக் காய்ச்சல் சந்தேகத்தில் தண்டுவட நீர் என ஒவ்வொன்றையும் நுண்ணோக்கி, ஜீன் எக்ஸ்பெர்ட், கல்ச்சர் ஆகியவற்றுக்கு அனுப்பலாம். ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகிறேன்: திசு எடுக்கும்போது முழுவதையும் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டுவிட்டால் கல்ச்சர் செய்ய முடியாமல் போகும். ஆகவே ஒரு பகுதியை உப்புநீரில் தனியாக வைக்க வேண்டும் என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரத்தத்தில் பிசிஆர் செய்தால் கிருமியையே பார்த்த மாதிரிதானே?

பிசிஆர் கிருமியின் மரபணுவைத் தேடுவதால் முறை சரி, மாதிரிதான் தவறு. முன்பே சொன்னபடி கிருமி பெரும்பாலும் ரத்தத்தில் இருப்பதில்லை. எச்ஐவி முற்றிய நிலையிலோ நோய் உடல் முழுவதும் பரவிய நிலையிலோதான் ரத்தத்தில் அதைக் காண வாய்ப்பு அதிகம். மற்றவர்களுக்கு நெகட்டிவ் வந்தால் அதற்குப் பொருளே இல்லை.

ஆன்டிபாடி பாசிட்டிவ், ஈஎஸ்ஆர் அதிகம், எக்ஸ்ரேயில் நிழல். மூன்றும் சேர்ந்தால் உறுதிதானே?

ரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகத்தை அளக்கும் ஈஎஸ்ஆர் எந்த அழற்சியிலும் உயரும். எக்ஸ்ரே நிழலை நிமோனியா, பழைய தழும்பு, புற்றுநோய் ஆகியவையும் உண்டாக்கும். ஆன்டிபாடி பற்றி மேலே பார்த்தோம். தனித்தனியே காசநோயைச் சுட்டாத மூன்றைக் கூட்டுவதால் உறுதி பிறந்துவிடாது. எக்ஸ்ரே முக்கியமானது, சளியைப் பரிசோதிக்க வேண்டும் என்பதற்கு அது வலுவான காரணம். கிருமி கிடைக்காத நிலையிலும் அறிகுறிகளையும் படங்களையும் வைத்து அனுபவமுள்ள மருத்துவர் சிகிச்சை தொடங்குவது உண்டு. அது ஏற்கப்பட்ட நடைமுறைதான். அந்த முடிவில் ஆன்டிபாடித் தாளுக்கு எடை கொடுக்கக் கூடாது என்பதே என் கருத்து.

சந்தேகத்துக்கு மருந்து சாப்பிட்டுப் பார்ப்பதில் என்ன கெடுதல்?

வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதங்களில் நான்கு மருந்துகள். அவற்றில் மூன்று கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. நான்காவதான எத்தம்பியூட்டால் பார்வை நரம்பைப் பாதிக்கக்கூடியது. நோயே இல்லாதவர் இந்த அபாயங்களை ஏன் சுமக்க வேண்டும்? அதைவிட முக்கியமாக, இருமலின் உண்மைக் காரணம் நுரையீரல் புற்றுநோயாக இருந்தால், அந்த மாதங்கள் திரும்பக் கிடைக்காதவை. மருந்து சாப்பிட்டதும் உடல் தேறியது என்பதும் சான்றாகாது. ரிஃபாம்பிசின் வேறு பல பாக்டீரியாக்களையும் கொல்லும்.

அம்மாவுக்கு இந்த டெஸ்ட்டை மட்டும் பார்த்து மருந்து தொடங்கிவிட்டார்கள். இப்போது நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். அம்மாவுக்கு உண்மையிலேயே காசநோய் இருக்கவும் கூடும். அரைகுறையாக நிறுத்தினால் நோய் மீண்டும் வரவும், கிருமி மருந்துக்குக் கட்டுப்படாத நிலையை அடையவும் வாய்ப்பு உண்டு. உடனே நெஞ்சக நோய் மருத்துவர் ஒருவரிடம் எல்லாத் தாள்களையும் எடுத்துச் சென்று, சளி அல்லது திசுவில் கிருமி தேடப்பட்டதா என்று கேளுங்கள். தேடப்படவில்லை என்றால் தாமதிக்காமல் மாதிரி கொடுப்பது நல்லது. மருந்து உட்கொண்ட நாள்கள் கூடக்கூடக் கல்ச்சரில் கிருமி வளரும் வாய்ப்பு குறையும். தொடர்வதா நிறுத்துவதா என்பதை அதன்பின் அந்த மருத்துவர் முடிவுசெய்யட்டும்.

சிகிச்சை முடிந்துவிட்டது. ஐஜிஜி இன்னும் பாசிட்டிவ். நோய் போகவில்லையா?

கிருமி அழிந்த பிறகும் எதிர்ப்பொருள் நெடுங்காலம் தங்கியிருக்கலாம். குணமானதை அறிய இந்தப் பரிசோதனை பயன்படாது. சளிப் பரிசோதனை, எடை, அறிகுறிகள் ஆகியவையே வழிகாட்டும்.

யானைக்கு ஆன்டிபாடி டெஸ்ட் செய்து டிபி கண்டுபிடிக்கிறார்களாமே. மனிதனுக்கு மட்டும் ஏன் கூடாது?

யானைகளுக்கு அத்தகைய பரிசோதனை இருப்பது உண்மை. நோயுற்ற யானைகளிடம் எதிர்ப்பொருள் வலுவாக உருவாகிறது. தும்பிக்கையில் நீரூற்றி எடுக்கும் மாதிரியில் கிருமியைப் பிடிப்பதோ கடினம். ஆகவே அங்கே அதற்கு ஓர் இடம் உண்டு. ஓர் உயிரினத்தில் பயன்படுவது மற்றொன்றிலும் பயன்படும் என்று கொள்ள முடியாது. மனிதரிடம் ஏன் பொய்க்கிறது என்பதை எச்ஐவி பற்றிய கேள்வியின் விடையில் பார்த்தோம்.

இனி எப்போதாவது நம்பகமான ரத்தப் பரிசோதனை வருமா?

காசநோயை ரத்தத்தின் மூலம் கண்டறியும் முதல் முயற்சியை ஆர்லோயிங் என்ற பிரெஞ்சு அறிஞர் 1898இலேயே செய்தார். தேடல் இன்னும் ஓயவில்லை. எதிர்ப்பொருளின் அளவை மட்டும் பாராமல், அதன் மேல் ஒட்டியுள்ள சர்க்கரை மூலக்கூறுகள் அடங்கிய தொற்றிலும் நோயிலும் எவ்வாறு வேறுபடுகின்றன என்று ஆராய்கிறார்கள். விரல் நுனி ரத்தத்தில் மூன்று மரபணுக்களின் செயல்பாட்டை அளக்கும் பரிசோதனையும் ஆராயப்பட்டு வருகிறது.

இவற்றில் சில, யாருக்கு மேற்பரிசோதனை தேவை என்று பிரித்துக் காட்டும் முதல்நிலைச் சோதனையாக முதலில் பயனுக்கு வரலாம். அப்படிப்பட்ட சோதனை நோயுள்ளவர்களில் குறைந்தது 90 சதவீதத்தினரைப் பிடிக்கவும், நோயில்லாதவர்களில் குறைந்தது 70 சதவீதத்தினரை விடுவிக்கவும் வேண்டும் என்று 2014இல் உலக சுகாதார நிறுவனம் இலக்கு வகுத்தது. அந்த இலக்கை எட்டிய பரிசோதனை வந்தாலும், அதில் பாசிட்டிவ் வந்தவர் அடுத்ததாகச் சளி கொடுக்கத்தான் வேண்டியிருக்கும்.